பர்மிங்காம் சிறையும் எரிகோ சாலையும்



1959-இல் மார்ட்டின் லூதர் கிங் இந்தியா வந்தபோது, திருவனந்தபுரத்தில் தீண்டப்படாதோர் வீட்டுப் பிள்ளைகள் படித்த பள்ளி ஒன்றுக்குப் போனார். அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும், உங்களைப் போன்ற ஒரு தீண்டப்படாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தினார். கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு தம் நாட்டில் 2 கோடிக் கறுப்பர் படும் பாட்டை எண்ணிப் பார்த்து, ஆம், நானும் தீண்டப்படாதவன்தான் என்று ஒப்புக்கொண்டார். 1965-இல் தம் சபையில் செய்த பிரசங்கத்தில் அவரே இதைச் சொன்னார். எனவே அவருடைய வழக்கு நமக்கு அயலூர் வழக்கு அல்ல.

1963 ஏப்ரல் 12, பெரிய வெள்ளி. அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் தடையை மீறி ஊர்வலம் போன கிங் கைதானார். அதே நாளில் அவ்வூரின் வெள்ளை மதகுருமார் எட்டுப் பேர் ஓர் அறிக்கை விட்டனர். ஏழு பேர் கிறிஸ்தவர், ஒருவர் யூத ரபி. போராட்டம் விவேகமற்றது, காலம் கனியாதது, வெளியாட்கள் தூண்டுவது என்றனர். இவர்கள் இனவெறிக் கும்பல் அல்லர். அதே ஆண்டு சனவரியில், நீதிமன்றத் தீர்ப்புகளை மதியுங்கள் என்று வெள்ளையரிடம் கேட்டுக்கொண்டவர்கள். அதனால்தான் கிங்கின் பதில் முக்கியமாகிறது. செய்தித்தாளின் ஓரங்களில் சிறையிலிருந்தே எழுதத் தொடங்கிய அக்கடிதத்தில், கொலைகாரக் கும்பலைவிட, நீதியைக் காட்டிலும் அமைதியைப் பெரிதாக எண்ணும் மிதவாத வெள்ளையரே பெரிய தடை என்ற முடிவுக்கு ஏறக்குறைய வந்துவிட்டதாக எழுதினார். செப்டம்பர் 15 அன்று அந்நகரின் பதினாறாம் தெரு பாப்திஸ்து ஆலயத்தில் குண்டு வெடித்தது. நான்கு சிறுமிகள் செத்தார்கள்.

இந்த மதகுருமாரும் நல்ல சமாரியன் கதையைப் பிரசங்கித்தவர்களே. அக்கதையை நாமும் ஞாயிறுதோறும் தர்மம் செய்யும் பாடமாகவே கேட்டு வளர்ந்தோம். லூக்கா நற்செய்தியைத் திரும்பப் படியுங்கள். யாரை நேசிக்க வேண்டும் என்று சட்ட அறிஞன் எல்லை கேட்கிறான். இயேசு சொல்லும் கதையில் ஆசாரியனும் லேவியனும் விலகிப் போகிறார்கள். காயத்தைக் கட்டுகிறவன், யூதர் புழங்காத சமாரியன். இழிவானவன் இங்கே உதவி வாங்குகிறவன் இல்லை, செய்கிறவன். கடைசியில் யார் அயலானாக நடந்தான் என்று கேட்டால், சட்ட அறிஞன் 'சமாரியன்' என்ற சொல்லை உச்சரிக்கவே இல்லை. இரக்கம் காட்டியவன் என்று சுற்றிச் சொல்கிறான். பெயர் சொல்லாமல் நம்மைக் குறிப்பிடும் நாக்குகளை நமக்குத் தெரியும்.

1967-இல் நியூயார்க்கில் பேசிய கிங், அடிபட்டவனைத் தூக்குவதோடு நிற்காமல், வழிப்போக்கர் அடிபடாதபடி எரிகோ சாலையையே மாற்ற வேண்டும் என்றார்.

பழைய தமிழ் வேதாகமத்தில் அந்தச் சொல் 'பிறன்'. புதிய பொது மொழிபெயர்ப்பில் 'அடுத்திருப்பவர்'. ஊரும் சேரியும் அடுத்தடுத்தா இருக்கின்றன? 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர் இன்னும் வெளியே. இதற்காகத் திருச்சபைகள் டெல்லிக்கு மனு எழுதுகின்றன. அதில் நாமும் கையெழுத்திடுகிறோம். ஆனால் நம் பிணங்களைத் தனியே ஒதுக்கும் சுவர்கள் திருச்சபையின் கல்லறைத் தோட்டங்களுக்குள்ளேயே எழுப்பப்பட்டவை. அவற்றை இடிக்க டெல்லியின் அனுமதி வேண்டாம். கேட்டால், இப்போது வேண்டாம், பிளவு வரும், பொறுங்கள் என்கிறார்கள்.