முகப்பருவும் இரத்தக் கொழுப்பும்

பருவ வயதில் முகத்தில் தோன்றும் பருக்களைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. வயது ஏற ஏறத் தாமாகவே மறைந்துவிடும் என்பார்கள் பெரியவர்கள். பெரும்பாலும் அவ்வாறே மறைந்தும் விடுகின்றன. ஆனால் திருமணமாகி, இரண்டு பிள்ளைகளையும் பெற்று, முப்பது வயதைத் தாண்டிய ஒரு சகோதரிக்குத் தாடையோரத்திலும் மோவாயிலும் வலியுடன் கூடிய பருக்கள் மாதந்தோறும் புறப்படுமானால், அதனை என்னவென்று சொல்வது? இருபத்தைந்து வயதுக்குப் பின்னரும் நீடிக்கின்ற, அல்லது அதற்குப் பின்னர் புதிதாகத் தோன்றுகின்ற பருவினை மருத்துவர்கள் தனியாகவே வைத்துப் பேசுகின்றனர். ஆண்களைக் காட்டிலும் பெண்களிடமே இது மிகுதி.

நம் வீடுகளில் இதற்கு நடக்கும் வைத்தியம் என்ன? மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஒரு களிம்பு. அது பலிக்காவிட்டால் பக்கத்து வீட்டார் சொன்ன இன்னொரு களிம்பு. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் அவசரம் இன்னும் கூடிவிடுகிறது. முகத்தை வெளுப்பாக்கும் என்று விற்கப்படும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. பூசிய சில நாட்களில் முகம் பளிச்சென்று தெரியும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, புதிய பருக்கள் அரும்பும். ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று இந்திய அரசு 2018-ஆம் ஆண்டிலேயே விதியைக் கடுமையாக்கியது. விதி இருக்கிறது, களிம்பும் கிடைக்கத்தான் செய்கிறது!

எண்ணெய்ப் பலகாரம் தின்பதால்தான் முகத்தில் எண்ணெய் வடிகிறது, பிரியாணியும் சமோசாவுமே பருவுக்குக் காரணம் என்ற நம்பிக்கையும் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. உண்ட நெய் நேராக முகத்துக்கு வந்து கசிவதில்லை. தோலின் மயிர்க்கால்களை ஒட்டியுள்ள நெய்ச் சுரப்பிகள் தமக்கு வேண்டிய நெய்யைப் பெரும்பாலும் தாமே உண்டாக்கிக் கொள்கின்றன. எவ்வளவு உண்டாக்க வேண்டும் என்று அவற்றை ஏவுவது ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன். ஆண்களுக்குரியது என்று பெயர் பெற்றிருந்தாலும், பெண்களின் சினைப்பையிலும் அட்ரீனல் சுரப்பியிலும் இது சிறிதளவு சுரக்கவே செய்கிறது. இதன் அளவு மீறினாலோ, சாதாரண அளவுக்கே தோல் மிகையாக இணங்கினாலோ, நெய் பெருகி, மயிர்க்காலின் வாய் அடைபட்டு, உள்ளே குடியிருக்கும் நுண்கிருமி பெருகிப் பரு வீங்குகிறது.

அப்படியாயின் இரத்தத்திலுள்ள கொழுப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு? பருவுள்ள பெண்களின் இரத்தத்தைப் பருவில்லாதவர்களின் இரத்தத்தோடு ஒப்பிட்டுப் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். சில ஆய்வுகளில் கெட்ட கொழுப்பு கூடியும் நல்ல கொழுப்பு குறைந்தும் காணப்பட்டன. வேறு சிலவற்றில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே, பரு வந்தவர் அனைவருக்கும் கொலஸ்டிரால் என்று யாரும் அஞ்சிவிட வேண்டாம். எனினும் ஒரு சாராரைப் பொறுத்தவரை தொடர்பு மிகத் தெளிவாக உள்ளது. அவர்கள், 'நீர்க்கட்டி' என்று மக்கள் சொல்லும் பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்கள்.

1935-இல் சிகாகோ நகர மருத்துவர்களான ஸ்டைன், லெவென்தால் ஆகிய இருவர், ஏழு பெண்களை வைத்து இந்நோயை விவரித்து எழுதினார்கள். இன்று குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இது இருப்பதாகக் கணக்கிடுகின்றனர். இவர்களில் பலருக்கு இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. அதனால் இன்சுலின் மேலும் மேலும் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜனைப் பெருக்குகிறது. முகத்தில் பரு வருகிறது. அதே கோளாறினால் கல்லீரல் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பை இரத்தத்தில் கூடுதலாகக் கொட்டுகிறது, எச்.டி.எல். என்னும் நல்ல கொழுப்பு குறைகிறது. வேர் ஒன்று, கிளை இரண்டு. பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் இவர்களுக்கு அதிகம்.

நீர்க்கட்டி என்றால் பிள்ளை பிறக்காத குறை என்றே நம் மக்கள் எண்ணியிருக்கிறார்கள். பிள்ளை பெற்றவளுக்கு அது இருக்காது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இந்த எண்ணம் சரியன்று. இரண்டு, மூன்று பிள்ளைகள் பெற்றவருக்கும் இது இருக்கலாம்.

பருவோடு கூடவே மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் இருத்தல், மேலுதட்டிலும் மோவாயிலும் முடி முளைத்தல், உச்சந்தலையில் முடி உதிர்தல், பிடரியில் தோல் கறுத்துத் தடித்தல், வயிறு பருத்தல், பெற்றோருக்குச் சர்க்கரை நோய் இருத்தல் ஆகியவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்திருந்தால் களிம்பை வைத்துவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மருத்துவர் முதலில் கேட்பது மாதவிலக்கு நாட்களைப் பற்றித்தான். பெண்கள் மதரஸாவில் ஃபிக்ஹு பாடத்தில் ஹைளு, இஸ்திஹாளா சட்டங்களை நாம் விரிவாகவே கற்பிக்கிறோம். தொழுகைக்காகவும் நோன்புக்காகவும் நாட்களைக் குறித்து வைக்கும் பழக்கம் நம் பெண்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கணக்கையே மருத்துவரிடம் காட்டலாம். இரண்டு மாதவிலக்குகளின் தொடக்கங்களுக்கிடையே 35 நாட்களுக்கு மேல் செல்வதும், ஆண்டுக்கு எட்டு முறைக்கும் குறைவாக வருவதும் கவனிக்க வேண்டியவை. மூன்று மாதம் வரவில்லையென்றால், ரமலானில் ஒரு நோன்பும் விடுபடவில்லை என்று மகிழ்கிறவர்களும் இருக்கிறார்கள்! இவற்றைச் சொல்லக் கூச்சமிருந்தால் பெண் மருத்துவரை நாடலாம். மார்க்கத்தைக் கேட்டறிய வெட்கம் தடையாக இல்லாத அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருப்பதை நாம் அறிவோம்.

இரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்டிராலை மட்டும் பார்ப்பது போதாது. தென்னாசிய மக்களிடம் மொத்த அளவு சரியாக இருந்தும் டிரைகிளிசரைடு கூடி, எச்.டி.எல். குறைந்திருக்கும் நிலை சாதாரணமாகக் காணப்படுகிறது. ஆதலால் நான்கு அளவுகளையும் பார்க்க வேண்டும். நூறு மில்லி லிட்டருக்கு மொத்தக் கொலஸ்டிரால் 200 மில்லி கிராமுக்குக் கீழும், எல்.டி.எல். 100-க்குக் கீழும், டிரைகிளிசரைடு 150-க்குக் கீழும் இருப்பது நலம். எச்.டி.எல். பெண்களுக்கு 50-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் உடன் பார்த்துக் கொள்வது நல்லது. டிரைகிளிசரைடைச் சரியாக அறியப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்கச் சொல்வார்கள். பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தால் நோன்பு முறியுமோ என்ற ஐயம் சிலருக்கு வரும். ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் இரத்தம் எடுப்பதால் நோன்பு முறிவதில்லை.

உணவில் நெய்யை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டுப் புரோட்டாவையும் சர்க்கரை கொட்டிய தேநீரையும் நாம் விட்டுவிடுகிறோம். இன்சுலினை விரைந்து ஏற்றுபவை மைதாவும் சர்க்கரையும் அளவுக்கு மீறிய வெள்ளைச் சோறுமே. இத்தகைய உணவைக் குறைத்த இளைஞர்களுக்குப் பன்னிரண்டு வாரங்களில் பரு தணிந்ததை 2007-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. ஆண்களிடம் செய்யப்பட்ட சிறு ஆய்வே அது. ஆயினும் டிரைகிளிசரைடைக் குறைப்பதற்கும் வழி இதுவே. தினமும் அரை மணி நேர நடை, பருத்த உடலில் இருபதில் ஒரு பங்கு எடை குறைதல், இவையே மாதவிலக்கைச் சீராக்கப் பலருக்கு உதவுகின்றன.

மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் என்ற மாத்திரையைத் தோல் மருத்துவர்கள் தருகிறார்கள். 1982 முதல் வழக்கிலுள்ள சிறந்த மருந்து இது. ஆனால் டிரைகிளிசரைடையும் கொலஸ்டிராலையும் இது ஏற்றக்கூடியது. டிரைகிளிசரைடு மிகவும் ஏறினால் கணையம் வீங்கும் ஆபத்துண்டு. ஆகையால் தொடங்குமுன் ஒருமுறையும், தொடங்கிய பின் மருத்துவர் சொல்லும்போதும் இரத்தத்தைப் பார்க்க வேண்டும். அதனினும் பெரிய ஆபத்து, இதனை உட்கொள்ளும் காலத்தில் கருவுற்றால் சிசுவுக்குக் கடும் உறுப்புக் குறைகள் நேரிடலாம் என்பது. மருந்து உண்ணும் காலம் முழுவதும், நிறுத்திய பின் குறைந்தது ஒரு மாதமும் கருத்தரிக்கவே கூடாது. அக்காவுக்கு எழுதிய மாத்திரையைத் தங்கையோ மதினியோ விழுங்குவது நம் வீடுகளில் சாதாரணம். இந்த மாத்திரையில் அது அறவே ஆகாது. நிக்காஹ் தேதி குறித்தாகிவிட்டதென்றால், அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதைத் தருவதா, வேறு மருந்து எழுதுவதா என்பதை அவர் அந்தத் தேதியைப் பார்த்தே முடிவு செய்வார்.