காடு குடிக்கும் நீரும் கொடுக்கும் நீரும்

சுங்கை பட்டாணி, கூலிம் வட்டாரத் தோட்டங்களில் பிப்ரவரி வாக்கில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நிற்கும். மழை அருகிய அந்நாளிலும் மூடா ஆறு வற்றுவதில்லை. அணைநீர் நீங்கலாக, அது உலு மூடா முதலிய மலைக்காடுகளின் மண் சேமித்து வைத்த நீரே ஆகும்.

மரம் இருந்தால் ஆற்றுநீர் பெருகும் என்று பலரும் எண்ணுவர். கணக்கு அவ்வாறன்று. மழையில் ஒரு பங்கு இலைகளிலேயே உலர்கிறது. மற்றொரு பங்கை வேர்கள் உறிஞ்சி ஆவியாக்கிவிடுகின்றன. எஞ்சியதே ஆற்றைச் சேரும். பகாங் மாநிலத்துச் சுங்கை தெக்காமில் 1980-களில் காட்டை வெட்டிக் கொக்கோவும் செம்பனையும் நட்டு அளந்தபோது, ஓடைநீர் குறையவில்லை, கூடிற்று!

பின் காடு எதற்கு? சருகும் வேரும் புழுக்களும் மண்ணைத் துளைமிக்கதாக்குகின்றன. மழை உள்ளிறங்கி, வாரக்கணக்கில் மெல்லக் கசிகிறது. இயந்திரங்கள் ஏறி இறுகிய நிலத்திலும், அடிக்கடி தீப்பட்ட லாலான் புல்வெளியிலும் நீர் மேலோடி, மண்ணையும் அரித்துச் செல்லும். இதைத் தோட்டங்கள் அனுபவத்தில் கண்டன. ஆதியில் ஒரு புல்லும் விடாது களையெடுப்பதே முறை. அவ்வேலை பெரும்பாலும் தமிழர் கையால் நடந்தது. சரிவுகளில் மேல்மண் போன பிறகே, நிலத்தை மூடிப் படரும் பயற்றினக் கொடிகளை வளர்க்கலாயினர்.

1969-இல் முடிந்த மூடா, பெடு அணைகளால் கெடா வயல்களில் இருபோக நெல் விளைகிறது. வெள்ளத்தோடு வரும் வண்டல் அவற்றின் கொள்ளளவைக் குறைக்கும். பினாங்கோ தன் குழாய்நீரில் பெரும்பகுதியை மூடா ஆற்றிலிருந்தே இறைக்கிறது. அதற்கு வேண்டுவது மாசி மாதத்து ஓட்டம், ஐப்பசி வெள்ளமன்று.