என் பிறந்தநாள் கேக்கில் கேழ்வரகின் விலை 8 ரூபாய்

பிறந்தநாள் என்றால் கேக் என்பது இப்போது எல்லா ஊருக்கும் வந்துவிட்டது. பண்ருட்டிப் பக்கம் எங்கள் சிற்றூரிலும் மாதம் இரண்டு மூன்று வீட்டில் கேக் வெட்டுகிறார்கள். கூடாது என்று நான் சொல்லவில்லை. முட்டையும் பாலும் தானியமும் கொடுக்கிற நாம், அதே பொருளைப் பெட்டிக்குள் வைத்துப் பல மடங்கு விலைக்கு வாங்கி வருகிறோமே, அதைத்தான் யோசிக்கச் சொல்கிறேன்.

இந்த ஆனியில் எனக்கு 50 வயது. பள்ளிச் சான்றிதழில் வாத்தியார் போட்ட தேதி ஒன்று இருக்கிறது. அம்மா சொன்ன கணக்கு வேறு: "பலா பழுத்துக் கிடந்த ஆனி மாசம், மக நட்சத்திரம்." நான் அம்மா கணக்கைத்தான் வைத்துக்கொள்கிறேன். சென்னையில் இருக்கும் மகள், "அம்மா, உனக்கு அம்பது ஆவுது. ஆன்லைன்ல கேக் போட்டு உடறேன்" என்றாள். "வேணாம்டி, நானே செய்யறேன். மூணு அடுக்கு" என்றேன். வீட்டுக்காரர் சிரித்தார். "தனக்குத் தானே பொறந்தநாள் கேக் சுடறவள இப்பதான் பாக்கறேன்." நான் சொன்னேன்: "நாத்தும் நான்தான் நடறேன், சோறும் நான்தான் பொங்கறேன். கேக் மட்டும் வேற யாராவது சுட்டுத் தரணுமா?"

கடை கேக்கில் என்ன இருக்கிறது?

அடிப்படை மைதா. தவிடும் முளையும் நீக்கிய கோதுமை மாவு. மேலே பூசும் வெள்ளை கிரீம், பால் ஆடை என்றுதான் பலரும் நினைக்கிறோம். பல கடைகளில் அதில் பால் கொழுப்பே கிடையாது. எண்ணெய்ப் பனையின் கொட்டையில் எடுத்த எண்ணெயை இறுக வைத்து, சர்க்கரையும் மணமும் சேர்த்து நுரைக்க அடித்தது. நம் நாடு சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் வாங்குகிறது. அதில் பெரும்பங்கு இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வரும் பாமாயில். இங்கே மல்லாட்டை போட்டவர் விலை இல்லாமல் நிற்கிறார். நம் பிள்ளையின் பிறந்தநாளுக்கு அந்தப் பாமாயில் வகையறாவைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

"கேக்கே வெள்ளைக்காரன் பண்டம்தானே, அதை ஏன் இயற்கை விவசாயி செய்யணும்?" என்று கேட்டார் ஒரு நண்பர். 1883இல் கேரளத்துத் தலைச்சேரியில் மாம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரரிடம் தோட்டத் துரை ஒருவர் சீமை கேக்கைக் காட்டி, "இதுபோல் செய்" என்றாராம். பாபு பிராந்திக்குப் பதிலாக ஊரில் கிடைத்த பழச் சாராயத்தை ஊற்றிச் செய்தார் என்று சொல்வார்கள். செய்முறை எங்கிருந்து வந்தாலும் சரக்கு நம் ஊருடையதாக இருக்கலாம்.

ஓர் அடுக்குக்கான அளவு

மாவு 100 கிராம், நாட்டுக்கோழி முட்டை 2, கருப்பட்டி 100 கிராம், வெண்ணெய் 50 கிராம், புளித்த தயிர் 50 மில்லி, சமையல் சோடா கால் தேக்கரண்டி, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் கேழ்வரகு மாவு. நடு அடுக்குக்கு சீரகச் சம்பா பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, அதிரசத்துக்கு இடிப்பது போல் இடித்து நைசாகச் சலித்தது.

கேழ்வரகிலும் அரிசியிலும் குளூட்டன் என்ற பசைப்புரதம் இல்லை. கோதுமை மாவு போல் அவை பிடித்து நிற்காது. அந்த வேலையை முட்டைதான் செய்ய வேண்டும். அதனால் முட்டையை மத்தால் நன்றாக நுரைக்கக் கடைய வேண்டும். நாட்டுக்கோழி முட்டை சிறியது. லேயர் கோழி முட்டை என்றால் மூன்று அடுக்குக்கும் சேர்த்து நாலு போதும்.

கருப்பட்டியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, ஆறவிட்டு, உருக்கிய வெண்ணெய், தயிருடன் முட்டையில் சேர்க்கவும். மாவை மெதுவாகக் கலக்கவும். சோடாவைக் கடைசியில் போட்டு உடனே அடுப்பில் வைக்கவும். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்ததும் வாயு கிளம்பும். அதுதான் கேக்கை உப்ப வைக்கிறது. காத்திருந்தால் அது வீணாகப் போகும். மூன்று அடுக்கு மாவையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியாகக் கலக்கச் சொல்வது இதனால்தான்.

ஓவன் தேவையில்லை. அடி கனமான இரும்புச் சட்டியில் இரண்டு விரற்கடை மணல் பரப்பி, மூடி, கால் மணி நேரம் காயவைத்தேன். வெண்ணெய் தடவிய தட்டில் மாவை ஊற்றி உள்ளே வைத்து மூடி, மூடி மேலும் கொஞ்சம் கங்கு போட்டேன். அரை மணி நேரம். தென்னை ஈர்க்கைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டக் கூடாது.

அடுக்குகள் முழுதாக ஆறிய பிறகுதான் அடுக்க வேண்டும். இடையில் வைத்தது, பலாச்சுளையை நறுக்கி நாட்டுச்சர்க்கரையும் நெய்யும் விட்டுச் சுருளக் கிளறியது. மேலே பூசியது, ஒரு லிட்டர் பால் தயிரை இரவெல்லாம் துணியில் கட்டித் தொங்கவிட்டு, பொடித்த நாட்டுச்சர்க்கரை கலந்த கெட்டித் தயிர். அதன் மேல் எங்கள் தோட்டத்து முந்திரி. இந்த வெயிலுக்கு அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும்.

கணக்கு

நாங்கள் விற்கும் விலையில் போட்டது: முட்டை 90 ரூபாய், வெண்ணெய் 90, பால் தயிர் 46, முந்திரி 40, பலாவும் நாட்டுச்சர்க்கரையும் நெய்யும் 30, அரிசி 8, கேழ்வரகு 8. பக்கத்து ஊர்ப் பனையேறி அண்ணனிடம் வாங்கிய கருப்பட்டி 120. மொத்தம் 432 ரூபாய். கேக் ஒன்றரை கிலோவுக்குக் குறையாது.

கேழ்வரகின் வரியைப் பாருங்கள். மூன்றில் இரண்டு அடுக்கு அதுதான். அதற்காக ஒரு பருவம் உழுது, களையெடுத்து, அறுத்தோம். கையில் வருவது 8 ரூபாய். தானியமாகவே விற்றுக்கொண்டிருக்கும் வரை அந்த வரி மாறாது. நம் பெண்கள் குழுக்கள் மாவாக, பண்டமாக விற்க வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோமே, அதன் பொருள் எனக்கு அந்த நோட்டில்தான் விளங்கியது.

கீழே இன்னொரு வரி எழுதினேன்: "என் கூலி, அரை நாள், 200 ரூபாய்." வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இதுக்கும் கூலியா?" என்றார். "முப்பது வருசமா இந்த நோட்டுல உரம், விதை, ஆள் கூலி எல்லாம் இருக்கு. என் பேரு எங்கயாவது இருக்கா?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் களத்து வேலைக் கணக்கு எழுதும்போது, "நீ எத்தன மணிக்குப் போன?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். ஐம்பது வயதில் எனக்குக் கிடைத்த பரிசு அதுதான்.

வாசகத் தோழிகளே, பலா இல்லாத ஊரில் வாழைப்பழமோ மாம்பழமோ வையுங்கள். கேழ்வரகு இல்லாவிட்டால் கம்பு மாவு. உங்கள் நிலத்தில் என்ன இருக்கிறதோ அதைப் போடுங்கள். ஆனால் கணக்கு எழுதும்போது உங்கள் கூலியை விட்டுவிடாதீர்கள்.