கோதுமை நீங்கிய உணவு

உணவும் மருந்தும் வேறல்ல என்பது நம் முன்னோர் கொள்கை. திருக்குறளிலே மருந்து என்று ஓர் அதிகாரம் இருக்கின்றது. பெயரைக் கண்டு, மூலிகைகளையும் சூரணங்களையும் எதிர்பார்த்து அதனைத் திறப்பவர் ஏமாந்துபோவர். அங்கேயுள்ள பத்துக் குறள்களிற் பாதிக்கு மேற்பட்டவை உணவைப்பற்றியே பேசுகின்றன. முன்னுண்டது செரித்ததா என்று பார்க்க வேண்டும், அளவறிந்து உண்ண வேண்டும், உடம்புக்கு மாறானதை விலக்க வேண்டும் என்பன அவற்றின் சாரம். முதலிரண்டும் எல்லோருக்கும் உரியவை. மூன்றாவது சிலருக்கு மாத்திரம் வாழ்நாள் விதியாகவே அமைந்துவிடுகின்றது. அந்தச் சிலருள் நானும் ஒருவன்.

பதினொரு ஆண்டுகளாகக் கோதுமையாலான எதனையும் நான் உண்பதில்லை. காலையிலே பாண் இல்லை; மாலையிலே றொட்டி இல்லை; கோயிலிலே றவைக் கேசரி இல்லை; கலியாண வீட்டிலே கேக் இல்லை. இது விரதமன்று. மேல்நாட்டு நகரங்களிலே இப்பொழுது பரவியிருக்கும் உணவு நாகரிகமுமன்று. எனக்குச் சீலியாக் என்னும் நோய் உண்டு. அதனைத் தீர்க்க மாத்திரையுமில்லை, சத்திரசிகிச்சையுமில்லை. கோதுமையை அடியோடு விலக்குவதொன்றே இன்றளவும் வைத்திய உலகம் கண்ட வழி.

கோதுமையிலே அப்படி என்னதான் இருக்கின்றது? மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய பரிசோதனையொன்றைக் கூறுகின்றேன். ஒரு பிடி கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து உருண்டையாக்குங்கள். சிறிது நேரம் விட்டு, ஒழுகும் நீரிலே மெல்ல மெல்லக் கசக்குங்கள். வெண்மையான மாப்பொருள் முழுதும் நீரோடு போய்விடும். கையிலே இறப்பர்போல இழுபடும் பசையொன்று எஞ்சும். அதுவே குளூற்றன் என்னும் புரதம். இதனை இவ்வாறு பிரித்துக் காட்டியவர் இத்தாலியிலே பொலோஞா நகரத்து அறிஞர் பெக்காரி. அவருடைய ஆய்வு 1745 இல் அச்சேறியது. பாண் பொங்கி நிற்பதும், வீச்சு றொட்டி கிழியாமற் கைக்குக் கை விரிவதும் இந்தப் பசையினாலேதான். அரிசிமாவை எவ்வளவு பிசைந்தாலும் இது வராது. வாற்கோதுமையிலும் றை என்னும் மேல்நாட்டுத் தானியத்திலும் இதனையொத்த புரதங்கள் உள்ளன.

நமது சிறுகுடலின் உட்சுவரிலே சடைமுளைகள் என்னும் நுண்ணிய விரல்கள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன. உண்ட உணவின் சத்தை உறிஞ்சுபவை அவையே. இந்நோய்க்குரிய பரம்பரையலகு உள்ளவர்களிற் சிலருக்குக் குளூற்றன் குடலை அடைந்ததும் உடலின் நிர்ப்பீடனத் தொகுதி அதனைப் பகைவனெனக் கருதிப் போர் தொடுக்கின்றது. போரிலே அழிவது பகைவனன்று, சொந்தக் குடலின் சடைமுளைகளே. விரல்கள் தேய்ந்து சுவர் மொட்டையாகிவிடும். பிறகு பாலும் நெய்யும் உண்டாலும் சத்து உடம்பிற் சேராது. வயிற்றுப்போக்கு, வயிற்று உப்பல், எலும்பு மெலிதல், பிள்ளைகளிலே வளர்ச்சிக் குறைவு, தீராத குருதிச்சோகை ஆகியன இதன் வெளித்தோற்றங்கள். உலகிலே ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவரிடம் இந்நோய் இருப்பதாக மதிப்பிடுகின்றனர். எனக்கு வயிற்றிலே ஒரு குறையும் தோன்றவில்லை. இரும்புச்சத்து மாத்திரைகளைப் பல ஆண்டு விழுங்கியும் குருதிச்சோகை நீங்காததே எனக்கு வந்த ஒரே அறிகுறி. மூன்றாம் பாடவேளைக்கு மேல் வகுப்பிலே நின்று படிப்பிக்க முடியாத நிலை வந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது.

இந்நோயின் வரலாறு ஒரு துப்பறியும் கதையைப் போன்றது. கி. பி. இரண்டாம் நூற்றாண்டிலே கப்பதோக்கியா நாட்டு வைத்தியர் அரெட்டேயஸ் இதனையொத்த நோயொன்றை வருணித்தார். வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றே சீலியாக் என்னும் பெயர் பிறந்தது. 1888 இல் இலண்டன் வைத்தியர் சாமுவேல் ஜீ பிள்ளைகளிடம் காணும் இந்நோயைத் தெளிவாக எழுதி, குணமாவதாயின் உணவினாலேயே குணமாக வேண்டும் என்று முடிவு கூறினார். முடிவு முற்றிலும் சரியானது. ஆனால், அவர் விலக்கச் சொன்ன உணவுகளுள் அரிசியும் சவ்வரிசியும் இருந்தன. கொடுக்கலாம் என்றவற்றுள் மெல்லியதாக வெட்டி இருபுறமும் வாட்டிய பாண் இருந்தது! குற்றவாளியை வீட்டினுள்ளே வைத்துக்கொண்டு அயலவனைத் துரத்திய கதை இது. ஒல்லாந்திலிருந்து வந்த மட்டிச் சதையை நாடோறும் உண்ட குழந்தையொன்று நன்றாகத் தேறியதையும், மட்டிப் பருவம் முடிந்ததும் மீண்டும் நோயுற்றதையும் அவர் கண்டு எழுதியிருக்கின்றார்.

1924 இலே நியூயோர்க் வைத்தியர் சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவைப் புகுத்தினார். பிள்ளைகள் தேறினர், வாழைப்பழம் பெரும்புகழ் பெற்றது. ஆனால் அந்த உணவுமுறையிலே பாணுக்கு இடமில்லை. பழம் பெற்ற புகழ் பாண் இல்லாமைக்கு உரியது என்பது பின்னரே தெரிந்தது.

உண்மையைக் கண்டவர் ஒல்லாந்து நாட்டுக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே. ஹேக் நகரத்துச் சிறுவர் வைத்தியசாலையிலே பணிபுரிந்த அவருக்குப் போருக்கு முன்னரே கோதுமைமீது ஐயம் இருந்தது. 1944 இன் இறுதியிலும் 1945 இன் தொடக்கத்திலும் ஜெர்மானியர் பிடியிலிருந்த மேற்கு ஒல்லாந்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. மக்கள் பூச்செடிக் கிழங்குகளையும் அவித்துத் தின்றனர். அந்தக் கொடிய காலத்திலே, பாண் கிடையாமற்போனபோது, சீலியாக் பிள்ளைகள் தேறினர். போர் முடிந்து பாண் திரும்பிவந்ததும் அவர்கள் மீண்டும் நோயுற்றனர். டிக்கே தமது ஆய்வை 1950 இல் உத்ரெக்ற் பல்கலைக்கழகத்திலே கலாநிதிப் பட்ட ஏடாக அளித்தார். ஊரெல்லாம் பசித்திருந்த வேளையிலே சில பிள்ளைகள் பிழைத்தார்கள் என்பதை நினைக்கும்போது, நோயின் இயல்பை எண்ணி வியப்பதா, மானிடரின் போரை எண்ணி வருந்துவதா என்று தெரியவில்லை.

இந்நோய் வெள்ளையருக்கே உரியது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அது பிழை. இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளிலும் நடத்தி 2016 இல் வெளியிட்ட ஆய்வொன்று, நாடோறும் கோதுமை உண்ணும் வடக்கிலே இந்நோய் கணிசமாக இருப்பதையும், சோறுண்ணும் தெற்கிலே அரிதாக இருப்பதையும் காட்டியது. நோய்க்குரிய பரம்பரையலகு தெற்கிலும் இல்லாமலில்லை. உண்ணும் தானியமே பெரிய வேறுபாடாக நின்றது. அரிசி நம் மக்களைக் காத்துவந்தது எனலாம்.

அந்தக் காவல் இன்று நம்மிடமும் தளர்ந்திருக்கின்றது. இலங்கை மண்ணிலே கோதுமை பயிராவதில்லை. பாண் என்னும் சொல்லே போர்த்துக்கேயர் தந்தது. 1942 இல் பர்மா யப்பானியர் கையில் வீழ்ந்ததும் அரிசி வரத்து நின்றது, பங்கீடு வந்தது, கோதுமை மா ஏழை வீட்டு அடுக்களைக்குள்ளும் புகுந்தது. போர் போயிற்று, மா போகவில்லை. இன்று யாழ்ப்பாணத்திலே பிட்டு என்றால் அது அரிசிமாப் பிட்டாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. அவித்த கோதுமை மாவைப் பாதிக்குப் பாதி சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. கடை இடியப்பத்திலும் அப்பத்திலும் அதே கலப்பு உண்டு. பெயர் பழையது, பொருள் புதியது. என்னைப் போன்றவனுக்கு ஆபத்து அந்தப் பெயரிலேதான் மறைந்திருக்கின்றது.

எனது வீட்டிலே நாங்கள் செய்துகொண்ட ஒழுங்குகளைச் சொல்லுகின்றேன். பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி எனக்கென்று தனியாக உண்டு. பனையோலைப் பின்னலின் இடுக்கிலே புகுந்த மா எத்தனை முறை கழுவினாலும் முற்றாகப் போவதில்லை. அரிதட்டும் இடியப்ப உரலும் அவ்வாறே தனி. அரிசி இடிக்க ஆலைக்குப் போனால், விடியற்காலையில் முதலாளாகப் போய், முதலில் அரைபடும் இரண்டு கொத்தை விட்டுவிட்டு எஞ்சியதையே எனக்கு எடுக்கிறோம். முன்னாள் மாலையில் அதே யந்திரத்திலே கோதுமை கலந்த சத்துமா அரைபட்டிருக்கலாம் அல்லவா? இது மிகை என்று சிலர் நகைப்பர். ஒரு கிலோகிராம் உணவிலே 20 மில்லிகிராமுக்கு மேல் குளூற்றன் இருந்தால் அதனைக் குளூற்றன் அற்றதென்று விற்கலாகாது என்பது சர்வதேச உணவு நியமம். அதனை அறிந்தவர் நகைக்கமாட்டார்.

மறைந்து வரும் கோதுமையும் உண்டு. கட்டிப் பெருங்காயத்திலும் தூளிலும் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும். ஆகவே சாம்பாரையும் இரசத்தையும் விசாரித்தே உண்ண வேண்டும். சோயா சோஸ் பலவற்றிலே கோதுமை சேர்கின்றது. மோல்ற் பானங்கள் வாற்கோதுமையால் ஆனவை. சேமியாவும் றவையும் கோதுமையே. உறையிலுள்ள சிறிய எழுத்துகளை வாசிக்கும் பழக்கம் எனக்கு இந்நோய் தந்த புதிய கல்வி.

இவையெல்லாம் எளியவை. கடினமானது விருந்து. நம்மவர் அன்பு உணவின் வழியாகவே வெளிப்படும். மறுத்தால் அன்பையே மறுத்ததாகும். "ரீச்சர் வீட்டுச் சோத்தை மட்டும்தான் சாப்பிடுவார்" என்று ஒருவர், "ஒரு துண்டு கேக் ஆளைக் கொல்லுமோ?" என்று இன்னொருவர். ஒரு துண்டு கொல்லாது. ஆனால், ஆறிவந்த குடலை அது மீண்டும் புண்ணாக்கும். முதலாண்டிலே நான் கலியாண வீடுகளுக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன். மனைவிதான் வழி காட்டினாள். போகுமிடத்துக்கு முதல்நாளே செய்தி அனுப்புவாள்: "அண்ணை, இவருக்கு வெறும் சோறும் பருப்பும் போதும், பெருங்காயம் மட்டும் போடாதேங்கோ." கேட்பவர் முகம் மலர்ந்துவிடும். மறுப்பவனை வெறுப்பவர்கூட, கேட்பவனுக்குக் கொடுக்க மகிழ்வர் என்று அன்று அறிந்தேன்.

கத்தோலிக்க நண்பரொருவருக்கும் இதே நோய். அவருக்கு நற்கருணை அப்பமே சங்கடமாயிற்று. அது கோதுமையாலேயே ஆகவேண்டும் என்பது திருச்சபையின் சட்டம். குளூற்றன் மிகக் குறைந்த அப்பத்துக்கு அனுமதி உண்டு என்று 2003 இலும் 2017 இலும் உரோமாபுரி அறிவித்திருக்கின்றது. அதுவும் ஒவ்வாதவர் இரசத்தை மாத்திரம் பெறலாம். நண்பர் அதனைப் பங்குத்தந்தையிடம் கூறியபின் மனநிம்மதி பெற்றார்.

இனி, நன்றாக உண்பது எப்படி என்ற வினா. கோதுமையை விலக்கினால் வறுமை உணவே மிஞ்சும் என்று அஞ்ச வேண்டியதில்லை. மேல்நாட்டிலே குளூற்றன் அற்ற பாண் விலை உயர்ந்தது, நார்ச்சத்துக் குறைந்தது. நமக்கோ பாட்டியின் அடுக்களையே போதும். தீட்டாத சிவப்பரிசிச் சோறு, உழுந்துத் தோசை, பயற்றங்கஞ்சி, மரவள்ளிக்கிழங்கு, சாமை, தினை, வரகு இவையெல்லாம் குற்றமற்றவை. நூறு கிராம் குரக்கனிலே 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு; எலும்பு மெலிந்தவனுக்கு அது வரப்பிரசாதம். ஒடியல் மாவிலே மீனும் பயிற்றங்காயும் முருங்கையிலையும் போட்டுக் காய்ச்சிய கூழைப் பலாவிலையிலே மடித்துக் குடிக்கும்போது, எதை இழந்தோம் என்ற எண்ணமே எழாது. கொதிநீர் விட்டுக் குழைத்த வறுத்த அரிசிமா, பசைப் புரதம் ஒன்றுமின்றியே இடியப்பமாக இழையோடுகின்றது. சூடான நீரிலே மாப்பொருள் வெந்து ஒட்டிக்கொள்வதே அதன் இரகசியம். குளூற்றன் என்ற பெயரை அறியாமலே, அது இல்லாமல் மாவைக் கட்டுப்படுத்தும் கலையை நம் பெண்கள் கண்டுவைத்திருக்கிறார்கள். எட்டு மாதத்திலே என் குருதி சீரடைந்தது. இன்று ஐந்து பாடவேளை நின்று படிப்பிக்கின்றேன்.

எச்சரிக்கையாக இரண்டு சொற்கள். இந்நோய் இல்லாதவர் கோதுமையை வெறுக்கக் காரணமில்லை. அவர்களுக்கு அது நல்லுணவே. மற்றது, ஐயம் வந்தவுடன் பாணை நிறுத்திவிடக் கூடாது. குருதியிலே இதற்குரிய பிறபொருளெதிரிகளைத் தேடுவதும், குடலின் இழையத்தை எடுத்துப் பார்ப்பதும் கோதுமை உண்டுகொண்டிருக்கும்போதே சரியான விடையைத் தரும். நிறுத்திவிட்டுப் போனால் நோய் ஒளிந்துகொள்ளும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு வகுப்பிலும் வயதுக்கேற்ற வளர்த்தியற்ற, வெளிறிய, எளிதிலே களைத்துவிடும் பிள்ளை ஒன்றேனும் உண்டு. வறுமை என்றும் பூச்சி என்றும் சோம்பல் என்றும் நாம் காரணம் கூறிவிடுகின்றோம். பெரும்பாலும் வறுமையோ பூச்சியோதான் காரணமாக இருக்கும். ஆயினும், பூச்சி மருந்தும் இரும்பு மாத்திரையும் கொடுத்தபின்னும் அப்பிள்ளை தேறாவிட்டால், சீலியாக் நோயையும் சோதித்துப் பார்க்கலாமா என்று வைத்தியரிடம் கேட்கும்படி பெற்றோருக்குச் சொல்லுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்பதற்குச் செலவில்லை. விடை ஆம் என்று வந்தால், அப்பிள்ளைக்கு வேண்டிய மருந்து அதன் பாட்டி வீட்டு உரலிலே ஏற்கெனவே இருக்கின்றது.