கேபிளைச் செருகினால் போதும்

எங்கள் சர்வர் அறைக்குப் புதிதாக வரும் எந்த மெஷினுக்கும் நான் கீபோர்டு மாட்டுவதில்லை. நெட்வொர்க் கேபிளைச் செருகி, பவர் பட்டனை அழுத்துவேன், அவ்வளவுதான். முகவரி இல்லாத அந்த மெஷின், 'எனக்கு யார் முகவரி தருவது?' என்று நெட்வொர்க் முழுக்கக் குரல் கொடுக்கும். 67-ஆம் போர்ட்டில் காத்திருக்கும் டிஎச்சிபி சர்வர் ஓர் ஐபி முகவரியை முன்வைக்கும், மெஷின் அதைத் தரச்சொல்லும், சர்வர் உறுதிசெய்யும். நான்கே செய்திகள். 1993-இல் ரால்ஃப் டிரோம்ஸ் எழுதிய விதிமுறை இது.

முகவரி வாடகைக்குத்தான், கெடுவில் பாதி கழிந்ததும் மெஷினே புதுப்பிக்கக் கேட்கும். ஆனால் சர்வராக இயங்கும் மெஷினின் முகவரி மாறினால் அதை நம்பியிருக்கும் எல்லாம் நின்றுபோகும். அதனால் பெட்டியில் ஒட்டியிருக்கும், நெட்வொர்க் கார்டின் மேக் எண்ணின் 12 எழுத்துகளையும் பார்த்து டிஎச்சிபி சர்வரின் கான்ஃபிக் ஃபைலில் எழுதி, அதற்கென்று ஓர் ஐபியை ஒதுக்கிவிடுவேன். இந்த இடத்தில் அவசரமே கூடாது.

டிஎச்சிபி சர்வர் முகவரி தரும் அதே பதிலில் பூட் ஃபைல் எங்கே இருக்கிறது என்றும் சொல்லலாம். பயாஸில் நெட்வொர்க் பூட் இயக்கப்பட்டிருந்தால், மெஷின் அதை இறக்கி லினக்ஸைத் தானே நிறுவத் தொடங்கும்.

டிஎச்சிபி சர்வரைப் புதிதாக அமைப்பவர்கள் அதற்கான 'கியா' மென்பொருளை எடுங்கள். பழைய ஐஎஸ்சி டிஎச்சிபி-யின் பராமரிப்பு 2022-இல் முடிந்துவிட்டது. அதே நெட்வொர்க்கில் வேறு ரவுட்டரும் முகவரி கொடுத்துக்கொண்டிருந்தால், முதலில் அதில் டிஎச்சிபி-யை அணைத்துவிடுங்கள்.