வட்டி 31 ரூபாய், பிடித்தம் 1,014 ரூபாய் 80 காசு

முதல் வருஷம் படிக்கும்போது ஒரு நாள் அம்மா அவங்க பாஸ்புக்கைக் கையில் கொடுத்து, "என்ட்ரி போட்டுட்டு வா"ன்னு அனுப்பினாங்க. எங்க வீடு உப்பளத்தில். பேங்க் சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். ஆனாலும் அந்த பாஸ்புக்கில் ஒரு வருஷமா எதுவும் பிரிண்ட் ஆகலை. மெஷின் பக்கம் பக்கமா அடிச்சுத் தள்ளிச்சு. கடைசி வரியில் பேலன்ஸ் 516 ரூபாய் 20 காசு.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா முகம் மாறிடுச்சு. "ஏண்டி, உன் பரீட்சை ஃபீஸுக்குன்னு ஆயிரத்து ஐநூறு போட்டு வச்சேனே, அதை நான் தொடவே இல்லையே!"

உண்மைதான், அவங்க தொடலை. அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து வரிவரியா கூட்டினேன். மினிமம் பேலன்ஸ் குறைஞ்சதுக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை 150 ரூபாய், அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி, ஆக 177. வருஷத்துக்கு நாலு தடவை: 708. டெபிட் கார்டு வருடக் கட்டணம் ஜிஎஸ்டியோட 236. எஸ்எம்எஸ் கட்டணம் நாலு தடவை 17.70: மொத்தம் 70 ரூபாய் 80 காசு. எல்லாம் சேர்த்தா 1,014 ரூபாய் 80 காசு. பேங்க் கொடுத்த வட்டி 31 ரூபாய்.

இதுல எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அந்த எஸ்எம்எஸ் காசு. கணக்கில் பதிஞ்சிருந்தது அப்பாவோட பழைய நம்பர். அந்த சிம் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. "உங்கள் இருப்பு குறைவாக உள்ளது"ன்னு இல்லாத போனுக்கு மெசேஜ் அனுப்பி, அனுப்பினதுக்கும் காசு எடுத்திருக்காங்க.

சரி, அந்த அக்கவுண்ட் ஏன் இருந்தது? வெளியூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் இருக்கிறவங்களுக்குத் தெரியாம இருக்கலாம். ரேஷன் அரிசிக்குப் பதிலா பேங்கில் பணமே போடுற முறை நாட்டிலேயே முதலில் சண்டிகரிலும் நம்ம புதுச்சேரியிலும்தான் 2015 செப்டம்பரில் ஆரம்பிச்சது. அரிசியா பணமான்னு இங்க பல வருஷம் அரசியல் சண்டையே நடந்தது. 2024 அக்டோபரில்தான் ரேஷன் கடைகளை மறுபடி திறந்து அரிசியாவே கொடுக்க ஆரம்பிச்சாங்க. நடுவில் இருந்த வருஷங்கள் பூரா, எங்களை மாதிரி சிவப்பு அட்டை வீடுகளில் பேங்க் அக்கவுண்ட்தான் அரிசிப் பானை. பானையில் ஓட்டை இருந்தா என்ன ஆகும்னு எங்க பாஸ்புக்கைப் பார்த்தா தெரியும். அரிசிப் பணம் நின்னாலும் ஸ்காலர்ஷிப், கேஸ் மானியம், குடும்பத் தலைவிகளுக்கான உதவித்தொகைன்னு இன்னும் எவ்வளவோ அக்கவுண்ட் வழியாதான் வருது. அதனால இது பழைய கதை இல்ல.

"பணத்தை எங்க போட்டா அதிக வட்டி?"ன்னுதான் எல்லாரும் கேக்குறோம். கையில் ரெண்டாயிரம், மூணாயிரம் வச்சிருக்கிற நமக்கு அது ரெண்டாவது கேள்வி. கணக்கு போட்டுப் பாருங்க. எஸ்பிஐ 2025 ஜூனில் சேமிப்புக் கணக்கு வட்டியை 2.5% ஆக்கிடுச்சு. 10,000 ரூபாய் ஒரு வருஷம் அசையாம கிடந்தா 250 ரூபாய். ரெண்டாயிரம் கிடந்தா 50. ஒரே ஒரு 177 ரூபாய் அபராதம் வந்தா மூணு வருஷ வட்டி காலி. முதல் கேள்வி, "என் கணக்கிலிருந்து என்னென்ன எடுக்குறாங்க?" என்பதுதான்.

இதுக்கான மருந்து நம்ம மண்ணிலேயே பிறந்ததுன்னு அப்புறம் படிச்சப்போதான் தெரிஞ்சது. வில்லியனூர் தாண்டி இருக்கிற மங்கலம் கிராமம் தெரியும்தானே? 2005-ல் இந்தியன் பேங்க் சேர்மனா இருந்த கே.சி. சக்ரவர்த்தி புதுச்சேரியில் ஒரு முன்னோடித் திட்டம் ஆரம்பிச்சார். எல்லாக் குடும்பத்துக்கும் வங்கி வசதி கிடைச்ச இந்தியாவின் முதல் கிராமம் ஆனது மங்கலம். அதே வருஷம் நவம்பரில் ரிசர்வ் வங்கி, பேலன்ஸே தேவையில்லாத அல்லது ரொம்பக் குறைவா இருந்தா போதும்ங்கிற எளிய கணக்கை எல்லா வங்கியும் கொடுக்கணும்னு சொன்னது. 2012 ஆகஸ்டில் அதையே 'அடிப்படை சேமிப்பு வங்கிக் கணக்கு'ன்னு மாத்தினாங்க. சுருக்கமா பிஎஸ்பிடிஏ. 2014-ல் வந்த ஜன் தன் கணக்கும் இந்த வகைதான்.

இதுல மினிமம் பேலன்ஸ் கிடையாது. ஏடிஎம் கார்டு இலவசம், வருடக் கட்டணமும் இல்ல. பணம் போட வரம்பு இல்ல. மாசத்துக்குக் குறைஞ்சது நாலு தடவை இலவசமா எடுக்கலாம், ஏடிஎம்மில் எடுக்குறதும் அந்த நாலில் சேரும். அஞ்சாவது தடவைக்கு என்ன கட்டணம்னு உங்க கிளையில் கேட்டு வச்சுக்குங்க. ஒரு நிபந்தனை முக்கியம்: அதே பேங்கில் வேற சேமிப்புக் கணக்கு வச்சிருக்கக் கூடாது. இருந்தா 30 நாளுக்குள் மூடணும். புதுசா ஆரம்பிக்கணும்னு இல்ல, இருக்கிற சாதாரணக் கணக்கையே எழுதிக் கொடுத்து மாத்திக்கலாம்.

நாங்க அதைத்தான் செஞ்சோம். கவுண்டரில் முதலில் "அப்படி ஒண்ணும் இல்லம்மா"ன்னாங்க. அம்மா திரும்பிப் போகவே எழுந்துட்டாங்க. நான்தான் ஒரு வெள்ளைத்தாளில் "எனது கணக்கை அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்"னு எழுதி, ஒரு நகலில் சீல் போட்டுக் கேட்டேன். சீல்னு சொன்னதும் உள்ளேயிருந்து வேற ஒரு சார் வந்தார், பத்து நிமிஷத்தில் வேலை முடிஞ்சது. போன பணம் மட்டும் திரும்பி வரலை.

திரும்பக் கேக்க எங்களுக்கு ஏதாவது பிடி இருந்ததான்னு பின்னாடி தேடினேன். 2015 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிற ரிசர்வ் வங்கி விதி இதுதான்: பேலன்ஸ் குறைஞ்சா முதலில் வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்லி, சரி பண்ண ஒரு மாசம் டைம் கொடுக்கணும். எவ்வளவு குறையுதோ அந்த அளவுக்குத் தகுந்த மாதிரிதான் அபராதம் போடணும். அபராதத்தாலேயே பேலன்ஸ் மைனஸில் போகக் கூடாது. எங்க விஷயத்தில் தகவல் "அனுப்பப்பட்டது", செத்த சிம்முக்கு. அதனால இந்த வாரமே உங்க வீட்டுப் பெரியவங்க கணக்கில் எந்த நம்பர் இருக்குன்னு பாருங்க. தகவலே வராம பிடிச்சிருந்தா கிளையில் எழுத்தில் புகார் கொடுங்க. 30 நாளில் பதில் வராட்டியோ, வந்த பதில் சரியில்லாட்டியோ, ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனுக்குப் போகலாம். ஆன்லைனிலேயே கொடுக்கலாம், காசு கிடையாது. 14448-க்கு போன் பண்ணி விவரம் கேக்கலாம்.

இன்னொரு வழியும் இருக்கு. எஸ்பிஐ 2020 மார்ச்சிலேயே சேமிப்புக் கணக்குகளுக்கு மினிமம் பேலன்ஸ் அபராதத்தை எடுத்துடுச்சு. 2025-ல் கனரா, பஞ்சாப் நேஷனல், பரோடா, இந்தியன் பேங்க் எல்லாம் வரிசையா எடுத்தாங்க. தனியார் பேங்க் பலதில் இன்னும் இருக்கு. ஏசி நல்லாயிருக்குன்னு அக்கவுண்ட் ஆரம்பிக்கிறவங்க இதைக் கேட்டுட்டு ஆரம்பிங்க.

அடுத்து ஏடிஎம். சொந்த பேங்க் மெஷினில் மாசம் அஞ்சு தடவை இலவசம். மத்த பேங்க் மெஷினில் புதுச்சேரியில் அஞ்சு, ஆனா சென்னை மாதிரி ஆறு பெருநகரங்களில் மூணுதான். இன்டர்ன்ஷிப்புக்கு சென்னை போறவங்க இந்த இடத்தில்தான் மாட்டுறாங்க. அதைத் தாண்டினா 2025 மே முதல் ஒரு தடவைக்கு 23 ரூபாய் வரை எடுக்கலாம். ஜிஎஸ்டியோட 27 ரூபாய் 14 காசு. டீக்கும் ஆட்டோவுக்கும் 500 எடுக்கப் போய் 27 ரூபாய் கொடுத்தா அது 5.4%. பேங்க் வருஷம் பூரா கொடுக்குற வட்டியைவிட ரெண்டு மடங்கு, அரை நிமிஷத்தில்! பேலன்ஸ் பாக்குறதும் ஒரு தடவையா எண்ணப்படும். அம்மாவுக்கு முதலில் பேலன்ஸ் பார்த்துட்டு அப்புறம் பணம் எடுக்குற பழக்கம். ஒரு தடவை போனா ரெண்டு கணக்கு. இப்ப மிஸ்டு கால் கொடுத்துப் பாக்குறாங்க.

மெஷினில் பணம் வராம கணக்கில் மட்டும் கழிஞ்சா பதறாதீங்க. அஞ்சு நாளுக்குள் திரும்ப வரணும், அதுக்கு மேல ஆனா நாளுக்கு 100 ரூபாய் வீதம் பேங்க் உங்களுக்குத் தரணும். 2019-லிருந்து இருக்கிற விதி. கேக்குறவங்கதான் கம்மி.

வட்டிக்கு வருவோம். ரங்கப்பிள்ளை வீதி தலைமைத் தபால் நிலையத்தில் சேமிப்புக் கணக்குக்கு 4% தராங்க. மினிமம் 500 ரூபாய். ஆனா ஒரு சூட்சுமம்: வங்கிகள் 2010 ஏப்ரலிலிருந்து தினசரி இருப்புக்கு வட்டி போடுறாங்க. தபால் நிலையத்தில் 10-ம் தேதிக்கும் மாசக் கடைசிக்கும் நடுவில் இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. போடுறதா இருந்தா 10-க்கு முன்னாடி போடுங்க, எடுக்குறதா இருந்தா ஒண்ணாம் தேதி வரைக்கும் பொறுங்க. 28-ம் தேதி எடுத்தா அந்த மாசம் எடுத்த தொகைக்கு வட்டியே இல்ல. அங்கேயே மாசம் 100 ரூபாயிலிருந்து ஆர்.டி. இருக்கு, அஞ்சு வருஷத்துக்கு, 6.7%.

அப்புறம் அந்த 20 ரூபாய் விபத்துக் காப்பீடு. வருஷத்துக்கு 20 ரூபாய்க்கு 2 லட்சம் கவர். 18 வயசிலிருந்து சேரலாம். ராத்திரி ஈசிஆரில் பைக் ஓட்டுற என் கிளாஸ் பசங்களுக்கு இதை நானே ஃபார்ம் நிரப்பிக் கொடுத்தேன். ரெண்டு பேங்கில் ரெண்டு தடவை பிடிச்சா ஒரு பிரயோஜனமும் இல்ல, கிளெய்ம் ஒண்ணுதான்.

இப்ப கடைக்குப் போவோம். அங்கேயும் இதே வியாதிதான்: டிஸ்கவுண்ட் எவ்வளவுன்னு பாக்குறோம், கிராமுக்கு எவ்வளவு கொடுக்குறோம்னு பாக்குறதில்ல. 2021-ல் திருத்தின பொட்டலப் பொருள் விதிப்படி, பாக்கெட்டில் எம்ஆர்பி பக்கத்திலேயே ஒரு கிராம் அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலைன்னும் அச்சிடணும். பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்க. கணக்குக்காக நானே ரெண்டு விலை சொல்றேன்: 400 கிராம் பாக்கெட் 76 ரூபாய், 'ஃபேமிலி பேக்' 900 கிராம் 180 ரூபாய். பெரிசுதான் மலிவுன்னு கை போகும். முதலாவது கிராமுக்கு 19 பைசா, ரெண்டாவது 20. ரெண்டு சின்ன பாக்கெட் வாங்கினவர் ஜெயிச்சார்.

ஷாம்புவில் இது இன்னும் வேடிக்கை. சாஷே பாக்கெட் யோசனையை ஷாம்புவுக்குக் கொண்டு வந்தவர் நம்ம பக்கத்து ஊர் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் ஆரம்பிச்சதுதான் சிக் ஷாம்பு. பாட்டில் வாங்க முடியாதவங்களுக்குன்னு வந்த அந்த சின்னப் பாக்கெட், இன்னைக்குப் பல பிராண்டில் மில்லிக்கு மில்லி பாட்டிலைவிட மலிவு. அடுத்த தடவை கடையில் நின்னு வகுத்துப் பாருங்க. (குப்பை சேருதேன்னு நீங்க கேட்டா, என்கிட்ட பதில் இல்ல.)

எடை குறைஞ்சிருக்கான்னும் பாருங்க. விலை அதே, கவர் அதே, 100 கிராம் 85 ஆகியிருக்கும். எம்ஆர்பியில் எல்லா வரியும் அடக்கம். பஸ் ஸ்டாண்டில் தண்ணி பாட்டிலுக்கு "கூலிங் சார்ஜ்"னு ரெண்டு ரூபாய் கூடக் கேட்டா அது தப்பு, 1915-ல் நுகர்வோர் புகார் கொடுக்கலாம்.

காய்கறிக்கு பெரிய மார்க்கெட். சாயங்காலம் கடை கட்டுற நேரத்தில் விலை இறங்கும், ஆனா பொறுக்கி எடுக்க விட மாட்டாங்க. அன்னைக்கே சமைக்கிறதா இருந்தா மட்டும் போங்க. மீன் விஷயத்தில் அறிவுரை சொல்ற தகுதி எனக்கு இல்ல, வம்பாகீரப்பாளையத்து ஃப்ரெண்ட்ஸைக் கேளுங்க. லேப் கோட், பழைய புத்தகம் எல்லாம் எம்ஜி ரோடு சண்டே மார்க்கெட்டில் பார்த்துட்டு அப்புறம் புதுசு வாங்குங்க.

பிளேஸ்மென்ட் ஆன எங்க பேட்ச்சுக்கு ஒரு வார்த்தை. கம்பெனி திறந்து கொடுக்குற சேலரி அக்கவுண்டில் மினிமம் பேலன்ஸ் இல்லன்னு சந்தோஷப்படுறோம். சில மாசம் சம்பளம் வரலைன்னா அது தானா சாதாரணக் கணக்கா மாறிடும், பேங்கைப் பொறுத்து பத்தாயிரம் வரை கூட பேலன்ஸ் கேக்கும். வேலை மாறும்போது பழைய கணக்கை மூடிட்டு, மூடினதுக்கு எழுத்தில் வாங்கிக்குங்க. அப்படியே விட்டா ரெண்டு வருஷத்தில் அது இயங்காத கணக்கா ஆகும். அப்புறம் அதுக்கு மினிமம் பேலன்ஸ் அபராதம் போடக் கூடாது, சரிதான். ஆனா அந்த ரெண்டு வருஷத்துக்குள்ள என்ன நடக்கும்னு எங்க அம்மா பாஸ்புக் சொல்லும்.

அம்மா இப்ப மாசா மாசம் அவங்களே போய் என்ட்ரி போடுறாங்க. போன மாசம் வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஒவ்வொரு வரியா விரல் வச்சுப் படிச்சாங்க. கடைசியில், "ஒண்ணும் பிடிக்கலைடி"ன்னு சொல்லிட்டு பாஸ்புக்கை அரிசி டப்பா மேல வச்சாங்க.