ஏரி இறாலும் கேழ்வரகுக் கூழும்

பழவேற்காடு ஏரிக்கரையில் பறியிலிருந்து கொட்டும் இறால் துள்ளத் துடிக்க இருந்தாலும் அதன்மேல் விப்ரியோ வகை பாக்டீரியா ஒட்டியிருக்கலாம். ஆரணி ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் வெதுவெதுப்பான உப்பங்கழிதான் அதற்கு இயல்பான வீடு. சாக்கடை கலக்காத தண்ணீரிலும் அது இருக்கும்.

இந்த வகையில் ஒன்று விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ். 1950இல் ஜப்பானின் ஒசாகாவில் அரைகுறையாகக் காய்ந்த மத்திக் குஞ்சுகளைத் தின்று 20 பேர் இறந்தபோதுதான் அது கண்டறியப்பட்டது. 1996இல் கொல்கத்தாவில் தலைகாட்டிய அதன் ஒரு ரகம் பிறகு பல நாடுகளுக்குப் பரவியது.

அதன் பலமே வேகம்தான். தோதான சூட்டில் சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அந்தக் கணக்கில் ஒரே ஒரு பாக்டீரியா இரண்டே மணி நேரத்தில் 4,000ஐத் தாண்டும். வெயிலில் கூடை காத்திருக்கும் நேரம் இப்படித்தான் வயிற்றுப்போக்காக மாறுகிறது. ஆனால் குளிரில் அதன் பெருக்கம் நின்றுவிடும், நன்றாகக் கொதித்தால் செத்துவிடும். உப்பில் வாழ்ந்து பழகியதால், ஓடும் நல்ல தண்ணீரில் கழுவினாலும் எண்ணிக்கை குறையும். ஏரித் தண்ணீரில் அலசுவதால் பயனில்லை.

ஆகவே ஐஸ் படகிலேயே வேண்டும். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ நொறுக்கிய ஐஸ், அதுவும் குடிக்கத்தக்க நீரில் செய்தது. கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களின் தலையில் இந்தச் செலவையும் கட்டுவது நியாயமல்ல. கரையிலேயே மலிவாக ஐஸ் கிடைக்கச் செய்வது அரசின் வேலை.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி ஆகியவற்றில் இன்னொரு சிக்கல் உண்டு. ஐஸ் இல்லாமல் கிடந்தால் பாக்டீரியா அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். முகம் சிவந்து, அரித்து, தலை வலிக்கும். எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது. புளியும் மிளகாயும் அதை மாற்றாது. கருவாட்டிலும் அப்படியே தங்கும். அதனால் கெட்டுப்போகத் தொடங்கிய மீனைக் கருவாடாக்கக் கூடாது. நல்ல மீனையும் மணலில் பரப்பாமல், நாயும் காக்கையும் தொடாதபடி உயர்த்திக் கட்டிய பரணில் வலை மூடிக் காயவைக்க வேண்டும்.

கெடாத மீன் மட்டும் வயிற்றுக்குப் போதாது. மீன் நல்ல புரதம், ஆனால் அதில் நார்ச்சத்து துளியும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது. 100 கிராம் தீட்டிய அரிசியில் இருப்பது 3 கிராமுக்கும் குறைவு. கேழ்வரகிலோ சுமார் 11 கிராம். பெருங்குடலில் வாழும் நல்ல நுண்ணுயிரிகள் இந்த நாரைத் தின்று, குடல் சுவருக்கு உணவாகும் அமிலங்களைத் தருகின்றன. இரவில் கரைத்துப் புளிக்கவைத்த கூழ் மாவிலும் அமிலம் ஊறுவதால் கெட்ட கிருமிகள் எளிதில் பெருகாது.

கூழும் கருவாட்டுக் குழம்பும் அதனால்தான் நல்ல ஜோடி. குழம்பில் மொச்சையும் கத்தரிக்காயும் சேர்த்தால் நார் இன்னும் கூடும். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் உப்பு குறையும். கூழுக்குப் புதியவர்கள் சிறு டம்ளரில் தொடங்கி மெல்லக் கூட்டினால் வயிறு உப்பாது.

வயிற்றுப்போக்கு வந்தால் முதலில் உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். மலத்தில் ரத்தம் வந்தாலோ குழந்தை சோர்ந்து துவண்டாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.